கேட் அச்சு விழுந்த திரை

அவர் கையைத் தூக்கினால், திரையில் இருப்பவர் ஒரு கணம் கழித்துத்தான் தூக்குவார். அடுகோடிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் என் வீட்டுக்காரர் பகல் வாட்ச்மேனாக இருந்தார். கேட்டை ஒட்டிய சின்ன அறைக்கு வெளியே அவருடைய வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். உள்ளே மேசைமேல் கேமராப் படம் காட்டும் டி.வி. சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் என்னை அதன் முன்னால் நிறுத்திவிட்டு, வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்து கை காட்டினார். "பாத்தியா, நானும் படத்துல நடிக்கிறேன்" என்று அங்கிருந்தே கத்தினார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரே கூச்சம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அந்த டி.வி.மேல் அவருக்கு ஒரு குறை உண்டு. வருஷக்கணக்கில் ஒரே படத்தைக் காட்டிக் காட்டி அதில் கேட் அச்சு விழுந்துவிட்டது. கேமரா நின்றுபோய் வெறும் சாம்பல் நிறம் வரும்போதும் கம்பிகள் மங்கலாகத் தெரியும். "கேமரா செத்தாலும் கேட்டு போக மாட்டேங்குது பாரு" என்று சிரிப்பார்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி அவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய குடையையும் டிபன் கேரியரையும் வாங்கிவரப் போனபோது, அந்த டி.வி. குப்பையோடு குப்பையாக வெளியே கிடந்தது. இடி இடித்த அன்று போர்டு எரிந்துவிட்டதாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த சூப்பர்வைசர், "பேக்காம்மா? தகொண்டு ஹோகி" என்றார். வேண்டுமானால் எடுத்துப் போங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். புடவைத் தலைப்பால் துடைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஆட்டோவில் தூக்கி வந்தேன்.

வீட்டில் இருக்கும் அவருடைய போட்டோக்கள் எல்லாம் யாரோ ஒருவர் கல்யாணத்தில் விறைத்து நின்றவை. அவர் அவராக உட்கார்ந்திருப்பது எதிலும் இல்லை. கேட் அச்சு விழுந்திருக்கிறதென்றால், அதன் பக்கத்திலேயே பகலெல்லாம் உட்கார்ந்திருந்தவர் மட்டும் எப்படி விழாமல் போவார்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. நாலு எழுத்து படிக்காதவள் பேச்சு என்று சிரிப்பார்கள்.

ஆஸ்டின் டவுனில் டி.வி., மிக்ஸி ரிப்பேர் செய்யும் என் தம்பியிடம், "இதை ஓட வெச்சுக் குடுடா" என்று மட்டும் சொன்னேன். "புதுசே வாங்கலாமேக்கா, இது காயலான் கடைக்குப் போறது" என்றான். நான் டி.வி.யைப் பிடித்தபடியே நின்றேன். அப்படி நின்றால் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். கழற்றிப் பார்த்து, கண்ணாடி நன்றாக இருக்கிறது, வெளிச்சம் தரும் விளக்கும் எரியும், போர்டு மட்டும்தான் போயிருக்கிறது என்றான். எஸ்.பி. ரோட்டில் போய் எல்லாத் திரைக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் ஒரு போர்டை வாங்கி வந்தான். வந்து பார்த்தால், விளக்குக்குப் போகும் ஒயரின் கனெக்டர் புதுப் போர்டில் சேரவில்லை; ஒயர்களை வேறு கனெக்டருக்கு மாற்ற வேண்டும்.

"நீதான் பீன்யா கம்பெனியில கண்ணு போற வரைக்கும் இதையே பண்ணியேக்கா. நீ மாத்திப் போடு, நான் சொல்றேன்" என்றான். உண்மைதான். ஒயர் நுனியில் பின் வைத்து அழுத்தி, கனெக்டரின் ஓட்டையில் செருகும் வேலையில்தான் என் பாதி ஆயுசு போனது. அவன் போர்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் செருகினேன். ஒண்ணு சிவப்பு, ரெண்டும் சிவப்பு, கடைசி ரெண்டும் கறுப்பு.

அவன் கனெக்டரைப் போர்டில் மாட்டி, கரண்ட் கொடுக்கக் கையை நீட்டினான். அப்போதுதான் பார்த்தேன். சிவப்பு போக வேண்டிய பிளஸ் முனையில் என் கறுப்பு ஒயர் உட்கார்ந்திருந்தது; கரண்ட் வந்தால் எல்லாம் கருகிப்போகும். பீன்யாவில் நாங்கள் ஒயர் நுழையும் பின்பக்கத்தை எங்களைப் பார்த்துத் திருப்பிவைத்து, இடமிருந்து எண்ணுவோம். ரிப்பேர்காரர்கள் போர்டில் செருகும் முன்பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள். அவன் ஒண்ணு வேறு, என் ஒண்ணு வேறு.

அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன். "போடாதடா! அதுல அவரு இருக்காருடா!"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். மெதுவாகக் கனெக்டரைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பின்னாடியிருந்தே பாத்துப் பழகிட்டக்கா நீ" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. நான் மாற்றிப் போட்டதும் ஒவ்வொரு ஒயராக மீட்டர் வைத்துப் பார்த்தான். பார்த்ததையே திரும்பவும் பார்த்தான்.

முதலில் பழைய மோடத்தின் அடாப்டரை மாட்டினான். திரை வெளுத்தது, அணைந்தது, மறுபடி வெளுத்தது. கடைசி நாட்களில் அவர் மூச்சு வாங்கியது அப்படித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வோல்ட் சரிதான்க்கா, ஆம்ப்ஸ் பத்தல. இழுக்க முடியாம திணறுது" என்று, பெரிய அடாப்டர் ஒன்றின் முனையை வெட்டி, இதற்குச் சேரும் முனையை ஒட்டவைத்தான். எதையோ அமுக்கி வெறும் சாம்பல் நிறம் வரச் செய்தான்.

கேட் வந்தது. கம்பி கம்பியாக, பனியில் நிற்பதுபோல. பக்கத்தில் நாற்காலியின் முதுகும் கால்களும். நாற்காலியில் அவர் இல்லை.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அசையாததுதான்க்கா அச்சா விழும். மாமா எங்க சும்மா உக்காந்தாரு? ஹாரன் சத்தம் கேட்டா எழுந்து ஓடுவாரு." பிறகு, சொல்லாமல் விட மனமில்லாதவன்போல, "வேற படம் ஓட ஓட இதுவும் அழிஞ்சிடும்க்கா" என்றான்.

அவன் போன பிறகு கிட்டே போய் உட்கார்ந்தேன். நாற்காலியின் மற்ற இடமெல்லாம் தெளிவாக இருந்தது. உட்காரும் இடமும், முதுகு சாயும் நடுப்பகுதியும் மட்டும் அச்சுப் பிடிக்காமல் கலங்கிக் கிடந்தன. யாரோ மறைத்து மறைத்து எழுந்துபோன மாதிரி. விரலால் தொட்டேன். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

கேபிள் கொடுக்கிறவன் இரண்டு முறை வந்து கதவைத் தட்டினான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சாம்பல் நிறமும் ஒரு படம்தானே, அதுவும் அழிக்குமோ என்று பயந்து, போட்ட கொஞ்ச நேரத்திலேயே அணைத்துவிடுகிறேன். முதுகுப் பக்கம் போன மாதத்தைவிட மங்கியிருக்கிறதா, இல்லை என் கண்தானா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி போன் செய்வான். "டி.வி. பாக்குறியாக்கா?" என்பான். பார்க்கிறேன் என்பேன். என்ன பார்க்கிறேன் என்று அவன் கேட்பதில்லை.