பிணமாக நடித்தவரின் வாழ்த்துரை

ராகவி தன் வாழ்க்கையை ஓர் அமெரிக்கரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தே வளர்ந்தவள். அவர் திரைக்கதை எழுதி, பிறகு இயக்குநராகி, இப்போது இணையத்தில் பாடம் நடத்துகிறவர். சிட்னியில், நார்த்மீட்டில், தாயோடு இருக்கும் ராகவி என்றொருத்தி தன் மாணவி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் பாடத்தை நிறுத்திவிடுவார் என்பது ராகவியின் சொந்தக் கணிப்பு.

அவர் இருபத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டாராம். ராகவிக்கும் விட ஆசைதான். அம்மாவிடம் சொல்லப் பயந்து, முதல் வகுப்பில் சித்தியடைந்து தொலைத்தாள். இருபத்தைந்தில் அவர் வீடு இல்லாமல் காருக்குள் படுத்துத் திரைக்கதை எழுதினாராம். ராகவியும் ஒரு நாள் போர்வையோடு காருக்குள் போனாள். கார் வீட்டு வாசலில்தான் நின்றது. முதல் பக்கம் முடிவதற்குள் அம்மா கார்க் கண்ணாடியில் தட்டினார்.

"என்னடி, வீட்டிலை கட்டில் இல்லையே? சனம் பாத்தால் நான் உன்னைக் கலைச்சுப்போட்டன் எண்டெல்லே சொல்லும்! இந்தா, தலகாணியையாவது வை."

தலையணை வந்த பிறகு வறுமை எங்கே வரும்? ராகவி உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

பகலில் அவளுக்குப் பரமற்றாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. விபத்து எப்படி நடந்தது என்று மற்றவர்கள் எழுதி அனுப்புவதை வாசித்து, நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து, எவரும் நம்பாத கதைகளைத் தானே எழுதுவாள். நான்கு முழுநீளத் திரைக்கதைகள் எழுதி முடித்திருந்தாள். நான்கிலும் கடைசியில் எல்லோரும் செத்துப்போனார்கள். அவற்றை வாசித்த ஒரே ஆள், கலியாண வீடியோ எடுக்கும் மச்சான் சுஜீதன்.

"எடியே, ஒருத்தரையாவது உயிரோடை விடு. கடைசியிலை விளக்கை நூக்க ஆள் வேணுமெல்லே" என்றான்.

இருபத்தொன்பதாவது வயதில்தான் முதல் தடவையாகக் கணக்குப் பொருந்தியது. அமெரிக்கர் அந்த வயதில், இரவல் கமெராவோடு, தெரிந்தவர்களின் வீட்டில் முதல் படத்தை எடுத்தாராம். ராகவியும் ஒரு குறும்படத்தைத் தொடங்கினாள். வேலையால் வரும் மகள், தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே இறந்துபோன தகப்பனைக் காண்கிறாள். எழுப்பிப் பார்க்கிறாள். பிறகு பக்கத்தில் அமர்ந்து, அவரோடு சேர்ந்து செய்தியைக் கடைசிவரை பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டிய நீண்ட மௌனம்.

"முன்பின் தெரியாத ஒருவர் உன் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கட்டும். அதுவரை நீ இயக்குநர் அல்ல, கமெரா வைத்திருக்கும் ஆள்" என்று அமெரிக்கர் சொல்லியிருந்தார். ராகவியிடம் கமெராவும் இல்லை, அது சுஜீதனுடையது. ஆகவே அந்த ஒரு சொட்டுக் கண்ணீர் அவளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

தகப்பன் வேடம் மகேந்திரராஜா அங்கிளுக்கு. படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர் அவர். "என்ரை கதிரையிலை வேறை ஆர் வந்து சாகிறது?" என்று கேட்டு வேடத்தையும் எடுத்துக்கொண்டார். எந்தச் சங்கத்துக் கூட்டத்திலும் அவர் கைக்குப் போன மைக் லேசில் திரும்பி வந்ததில்லை. கமெராவுக்கு முன்னாலும் வாய் ஓயவில்லை.

"பிள்ளை, நான் எப்ப செத்தனான்? காலமையோ, பின்னேரமோ?"

"அது முக்கியமில்லை அங்கிள்."

"முக்கியமில்லையோ? சாப்பிட்டிட்டுச் செத்தவன்ரை முகம் வேறை, பசியோடை செத்தவன்ரை முகம் வேறை."

"சாப்பிட்டிட்டுத்தான் அங்கிள். வாயை மூடுங்கோ."

"என்ன சாப்பாடு?"

கடைசியில் அவர் உண்மையாகவே நித்திரையாகிவிட்டார். அந்த முறைதான் காட்சி சரியாக வந்தது.

உதவி செய்த எவருக்கும் ராகவி காசு கொடுக்கவில்லை. வெளியீட்டு விழா மேடையைக் கொடுத்தாள். உடுப்புத் தந்த அன்ரிக்கு விளக்கேற்றல். கார் தந்த டொக்டருக்கு ஆசியுரை. சமைத்துத் தந்தவரின் கணவருக்குத் தலைமையுரை. வீடு தந்த மகேந்திரராஜா அங்கிளுக்கு வாழ்த்துரை. அவளுக்கு மிஞ்சியது ஏற்புரை. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு இத்தனை உரையா என்று சுஜீதன் கேட்டபோது, எவரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத ராகவி, "அது எங்கடை முறைதானே" என்று சமாளித்தாள்.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஆறு மணிக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே உடற்பயிற்சி வகுப்பு. மகேந்திரராஜா அங்கிள் மேடை ஏறியபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. அவர் தான் கப்பலில் வேலை செய்த காலத்தில் தொடங்கி, சிட்னிக்கு வந்த கதைக்கு வந்து, இங்கத்தைய ரயில்களைப் பற்றிக் கொஞ்சம் குறைபட்டு, ஒருவாறு படத்தைத் தொட்டார்.

"படத்தின்ரை கதையை நான் சொல்லமாட்டன். சொன்னால் சுவை போயிடும். ஆனால் ஒண்டு, நான் அதிலை சாகிறன்."

முன்வரிசையில் ராகவி கண்ணை மூடிக்கொண்டாள். எழும்பிப் போய் மைக்கைக் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை. 'நேரம் போகுது அங்கிள்' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினாள். அவர் அதைச் சபைக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

"நேரம் போகுதாம்! பாருங்கோ, எவ்வளவு ஆழமான வசனம். இந்த நேரத்தைப் பற்றி நான் சில வார்த்தை…"

மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண்மணி சாவிகள் தொங்கும் திறப்புக்கோர்வையோடு வந்து கதவடியில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ராகவி தன் ஏற்புரையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அங்கிள் ஒருவழியாக இறங்கியதும் சுஜீதன் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டான்.

திரையில் கதிரை. கதிரையில் மகேந்திரராஜா அங்கிள். கண் மூடி, வாய் மூடி. மௌனம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "அப்பாடா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரையில் மகள் குனிந்து தகப்பனின் தோளைத் தொட்டாள். "அப்பா… அப்பா, எழும்புங்கோ."

"பிள்ளை, எழுப்பாதை!" என்று கத்தினார் ஒருவர். "கும்பிட்டுக் கேக்கிறன், அந்தாளை எழுப்பிப்போடாதை!"

மண்டபம் வெடித்தது. மகள் தோளை உலுக்க உலுக்கச் சிரிப்புக் கூடியது. அவள் அழத் தொடங்கியபோது கதிரைகள் ஆடின. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார், தோள்கள் குலுங்கின. ராகவி பயத்தோடு அங்கிளைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொடையில் தட்டி, பக்கத்திலிருந்தவரிடம், "என்ன திறமாய்ச் செத்திருக்கிறன் பாத்தியே!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதக்கணக்காய் எழுதிய மௌனத்தில் ஒரு நொடிகூட எவருக்கும் கேட்கவில்லை. ராகவி எழும்பி, சுவரோரமாகக் கதவடிக்கு நடந்தாள். வெளியே போய்விடுவதுதான் எண்ணம். வழியில் அந்தப் பெண்மணி நின்றார்.

"இவ்வளவு நேரமும் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர்தானே அது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழில் ஒரு சொல்லும் தெரியாமலே அவர் அந்த வாழ்த்துரை முடியுமட்டும் காவல் நின்றவர். சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தார். கன்னம் வரை நனைந்திருந்தது. "எவ்வளவு கெட்டித்தனம்! இது நகைச்சுவைப் படம்தானே?"

ராகவி அந்த ஈரத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள். துடைத்ததும் கண்ணைத்தான். எதனால் என்று அமெரிக்கர் விதிக்கவில்லை.

"ஓம்" என்றாள். பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது, தலையையும் ஆட்டினாள்.

"அப்படியென்றால் முடியும்வரை பாருங்கள். வகுப்பை நான் வாசலில் மறிக்கிறேன்."

படம் முடிந்து கார்த் தரிப்பிடத்தில் ரோல்ஸும் தேநீரும் நடந்தபோது மகேந்திரராஜா அங்கிள் தேடி வந்தார்.

"பிள்ளை, சனம் ரசிச்சுது, பாத்தனியே? எல்லாம் என்ரை முகபாவம். அடுத்த படத்திலை எனக்கு நல்ல நீளமாய் வசனம் எழுத வேணும், சரியே?"

"இல்லை அங்கிள்" என்றாள் ராகவி. அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளே ஒருகணம் யோசித்தாள். "அடுத்ததிலையும் நீங்கள் பிணம்தான்."

அம்மாவின் வாயிலிருந்து தேநீர் சிந்தியது. மகேந்திரராஜா அங்கிள் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார்.

"அதுதான் அங்கிள்" என்றாள் ராகவி. "அந்த முகத்தை அப்பிடியே வைச்சிருங்கோ."