டார்லீனின் கோணல் கோடுகள்

ஓரெஸ்ட்டின் தோள்பட்டையில் ஆபரேஷன் நடந்தது உறைபனிக் காலத்தில். கோடை வரைக்கும் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடுகளுக்கு அது எங்கே தெரியும்? வைக்கோல் போடும் இரும்பு வளையத்தை முட்டி முட்டி மூன்று இடத்தில் பிளந்து வைத்தன. வெல்டிங் வைத்துத் தரப் பக்கத்துப் பண்ணைக்காரரைக் கேட்டால் "இதோ வரேன்" என்பார். வரமாட்டார்.

"நானே கத்துக்கறேன்" என்றாள் அவன் மனைவி டார்லீன். ஐம்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். கனடாவின் சஸ்காட்செவன் பனிப்புயலில் பிள்ளைகளோடு பஸ் பள்ளத்தில் இறங்கியபோதுகூடப் பதறாதவள்.

டிராக்டர் கொட்டகையில் பழைய வெல்டிங் மிஷின் கிடந்தது. கவிழ்த்த வாளி மேல் ஓரெஸ்ட் உட்கார்ந்துகொண்டான், கை கழுத்தில் தொங்கிய கட்டுத்துணியில். அவள் கறுப்புக் கண்ணாடி வைத்த முகக்கவசத்தை இறக்கி, ராடு என்னும் வெல்டிங் கம்பியைப் பழைய இரும்புத் தகட்டில் வைத்தாள். பட்டென்று ஒட்டிக்கொண்டது. பிடுங்கினாள். மறுபடி ஒட்டிக்கொண்டது.

"நட்டு வைக்காத, டார்லீன். அது முளைக்காது."

"உனக்கு இருக்கிறது ஒத்தைக் கை. அதையும் ஒடிச்சுடுவேன், பாத்துக்கோ."

தீக்குச்சி கிழிப்பதுபோல் உரசப் பழகியதும் ஒட்டுவது நின்றது. பொறி நின்று எரிந்தது. ஆனால் கோடுதான் வரவில்லை. தகட்டில் சாக்பீஸால் நேர்கோடு போட்டு, அதன் மேலேயே ராடை நகர்த்துவாள். மேலே படிந்த கசடைத் தட்டிப் பார்த்தால் இரும்பு ஒரு பக்கம் வழிந்து, இன்னொரு பக்கம் மெலிந்து, பாதியில் சாக்பீஸ் கோட்டை விட்டே போயிருக்கும்.

"குடிகாரன் வீட்டுக்குப் போன வழி மாதிரி இருக்கு" என்றான் ஓரெஸ்ட்.

அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்கவே அவள் பேச்சு குறைந்துபோனது. காலையில் காபிக் கோப்பையை நீட்டிப் பிடித்து, கை ஆடுகிறதா என்று பார்த்தாள். அவளுடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கும். பீட்ரூட் சூப் கரண்டியில் புறப்பட்டுச் சட்டையில் இறங்கும். அந்த நடுக்கம் தனக்கும் வந்துவிட்டது என்றே அவள் முடிவுகட்டிவிட்டாள். கை நடுங்கினால் பஸ் ஓட்டும் வேலை போய்விடும். இதை ஓரெஸ்ட்டிடம் சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை அவள் பெட்டியிலிருந்து ராடை எடுத்தபோது அவன் கேட்டான்: "ரெண்டு வகை கலந்து கிடக்கு. அது எது? அதுல போட்டிருக்கிற நம்பரைப் படி."

அவள் ராடைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் நீட்டு. வாசல்ல நிக்கிற மாடு படிச்சுச் சொல்லும்."

டார்லீன் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஓரெஸ்ட், வெல்டிங் வைக்கிறப்ப உன் கண்ணுக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியும்? இரும்பு உருகி, குட்டைத் தண்ணி மாதிரி நிக்கும். அதோட ஓரத்தைப் பாத்துக்கிட்டே போவேன்."

"எனக்குக் குட்டையே தெரியல. வெறும் வெளிச்சம்தான் தெரியுது!"

சேற்றையும் உருகும் பனியையும் மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் மருந்துச் சீட்டு படிக்க வைத்திருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, அதன் மேல் முகக்கவசத்தை இறக்கினாள். பொறி பிடித்தது. அந்த வெளிச்சத்துக்கு அடியில், பளபளவென்று, ஒரு சின்னக் குட்டை. அதன் ஓரம், அதைத் துரத்தி வரும் கசடு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கோட்டின் மேல் அதை மெல்ல இழுத்துக்கொண்டு போனாள்.

ஆறியதும் தட்டினாள். நடுவில் ஒரு புடைப்பு, முடிவில் ஒரு குழி. ஆனால் கோடு நேராக இருந்தது. அவள் தகட்டைப் பார்க்கவில்லை; கையுறையைக் கழற்றித் தன் கையைத்தான் பார்த்தாள்.

"எங்கப்பா கை எனக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள்.

ஓரெஸ்ட் வாளியை விட்டு எழுந்தான். "லூசு. எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்று நல்ல கையால் அவளை அணைத்துக்கொண்டான்.

பனி உருகி முடிவதற்குள் பழைய தகடுகள் எல்லாம் வரிவரியாக நிறைந்துவிட்டன. பிறகு வளையத்தில் கை வைத்தாள். இரண்டு ஒட்டு நின்றன. மூன்றாவதை மாடுகள் மறுநாளே விரிசல் விட வைத்தன. அவள் அதைத் தேய்த்தெடுத்துத் திரும்ப வைத்தாள்; அதுவும் நின்றது.

"செங்குத்தா நிக்கிற இரும்புல எப்படி வைக்கிறது?" என்று கேட்டாள் அன்று சாயங்காலமே.

"அது கஷ்டம். உருகினதெல்லாம் கீழ ஒழுகும்."

"ஒழுகட்டும். தகட்டை நிமித்திப் பிடிக்க ஏதாவது தேடு."