இழை அறுந்தும் நிற்காத தறி

"நம்ம பிள்ளைக்கு நாமே மார்க் போடக் கூடாது சார்!"

எங்கள் திருத்தணி முன்சீப் இப்படிச் சொன்னபோது அசந்துபோனேன். சனிக்கிழமைதோறும் கணவன் - மனைவி வழக்குகளைக் கோர்ட்டிலேயே பேசிச் சேர்த்துவைக்கிறார்கள். சேர்ந்தவர்கள் நிஜமாகவே சேர்ந்திருக்கிறார்களா? பார்த்துச் சொல்ல மெட்ராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளரை வரவழைத்துவிட்டார். தன் வேலையில் ஓட்டை தேடத் தானே ஆள் வைக்கிற அதிகாரி... எங்கே கண்டிருக்கிறோம்?

வந்தவர் சரளா. தோளில் டேப் ரெக்கார்டர். இங்குள்ள நெசவு வீடுகளில் பேசும் தெலுங்கு அவருக்குத் தெரியாது, துணைக்கு நான். போன வாரம் பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவு வீடு. கோர்ட் கணக்கில் 'சேர்ந்துவிட்ட' தம்பதி — சுப்பிரமணி, நாகம்மா.

சுப்பிரமணி தறிக்குழியில் உட்கார்ந்து லுங்கி நெய்துகொண்டிருந்தான். டடக்... டடக்... பேச்சே கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னோம். வீடே அடங்கிப்போனது. வாசலில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த மாமியாரின் காது மட்டும் எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்தது!

"நல்லா கீறேங்க" என்றாள் நாகம்மா. எதைக் கேட்டாலும் அதே பதில்.

சரளா அவள் முகத்தையே பார்த்தார். டேப் ரெக்கார்டரை அணைத்தார். "நீங்க நெய்யுங்க தம்பி, நாங்க சும்மா பேசிட்டிருக்கோம்."

டடக்... டடக்... அந்தச் சத்தத்துக்குள் புகுந்துகொண்டு, எங்கள் காதோரம், தெலுங்கும் தமிழுமாய்ப் பேசினாள் நாகம்மா.

"நகரியில எங்கம்மா படுத்த படுக்கைம்மா. அத்தை போகவிட மாட்டறாங்க. அதுக்குத்தான் கோர்ட்டுக்கே போனேன். அங்க எல்லாரும் சுத்தி நின்னுகினு, 'சேந்து வாழறியா'ன்னாங்க. ஆங்ன்னேன். பாவாகூட, எம் புருசன்கூட, வாழ மாட்டேன்னு நான் எப்போ சொன்னேன்?"

அப்போதுதான் பார்த்தேன். தறியில் ஓர் இழை அறுந்து தொங்கியது. அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் எந்த நெசவாளியும் அடுத்த மிதி மிதிக்க மாட்டான். துணி நெடுகக் கோடு விழுந்துவிடும். சுப்பிரமணி குனிந்து அதைப் பார்த்தான்.

மிதித்தான்!

"டேய் சுப்பா, சோறு ஆறிப்போவுது! தறியை நிறுத்துடா!" — வாசலிலிருந்து அம்மா.

"இரும்மா, இன்னும் கொஞ்சம்!"

டடக் டடக் டடக்... முன்னைவிட வேகமாக.

அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளை, மனைவி பேசி முடிக்கும்வரை அவளைச் சுற்றிச் சத்தத்தால் ஒரு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலையேறிச் சந்நிதியில் கண்மூடி நின்றபோதுகூட இப்படிச் சிலிர்த்ததில்லை.

நாகம்மாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் சரளா முன்சீப்பிடம் சொன்னார்: "சேர்ந்துதான் இருக்காங்க சார். ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு யாரும் தனியா கேக்கல."

முன்சீப் கோபிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மூவரையும் தனித்தனியே உள்ளே கூப்பிட்டார். மாமியாரோடுதான் நிறைய நேரம். மத்தியானம் நாகம்மா நகரி பஸ்ஸில், ஜன்னலோரம்.

பஸ் திரும்பி மறைந்ததும் சுப்பிரமணியைக் கேட்டேன். "அன்னிக்கு இழை அறுந்துதே, ஏம்பா தறியை நிறுத்தல?"

"அறுந்துதா? நான் பாக்கலீங்களே!"

நெசவாளி பார்க்கவில்லையாம்... நம்பிவிட்டேன்!