எழுதாத கார்டு

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் திருநெல்வேலி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒல்லியான மனிதர், சட்டைப்பை மட்டும் போஸ்ட் கார்டுகளால் புடைத்திருக்கும். என் மூன்று வயது மகளுக்குக் குடலிறக்கம். தீப்பெட்டி ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் அவளோடு காத்திருந்தேன்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவதற்கு முன், தன் விலாசம் எழுதிய ஒரு கார்டை என்னிடம் நீட்டினார்.

"பள்ளிக்கூடம் போனப்புறம் பிள்ள எப்படிப் படிக்கா, ஞாபகம் எப்படி இருக்குன்னு எழுதிப் போடுங்க அண்ணாச்சி."

"ஏன் சார், மூளைக்கு எதும் ஆயிருமா?"

"இந்த மயக்க மருந்த எலிக்குட்டிக்குக் குடுத்துப் பாத்தவிய பயப்படுதாவ. பிள்ளையளுக்கு எப்படின்னு இன்னும் யாருக்கும் தெரியல. அதான் கேக்கேன். அதுக்காக ஆபரேஷனத் தள்ளிப் போட்டுராதீங்க. குடல் சிக்கிக்கிட்டா உசுருக்கே ஆபத்து."

தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றுதான் பார்த்தேன். எரிச்சலோடு கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு நிற்கவேயில்லை. காலையில் ஒப்பித்ததை மாலையில் மறந்தாள். பக்கத்து வீட்டுப் பையனும்தான் மறந்தான். அவனுக்கு யாரும் மயக்க மருந்து கொடுத்ததில்லை. கார்டை எடுத்தேன், திரும்ப வைத்தேன். எழுதினால் மருந்தால்தான் மறதி என்பது உண்மையாகிவிடும் என்று பயம். கடைசிவரை எழுதவேயில்லை.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் உடனே எழுதியிருப்பார்கள். அந்தக் கார்டுகளை மட்டும் வாசித்து அவர் நிம்மதி அடைந்திருந்தால், ஒரு வரிகூட எழுதாமல் நான் சொன்ன பொய்யும் அந்த நிம்மதியில் இருக்கிறது.