உயிரோடு இருப்பவருக்குப் படையல்

மலேசியாவின் செமோரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கலாதேவி அக்காவைப் பற்றி இப்போது யாரைக் கேட்டாலும், “நெஞ்சழுத்தக்காரி” என்பார்கள். சொல்லட்டும். அவர் செய்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அக்கா சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பாவுக்குக் கடைக்கு ஓடி சிகரெட் வாங்கி வருவது அவர் வேலை. கட்டிக்கொண்ட பழனியப்பனும் ஓயாமல் ஊதினார். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட், சாவு வீட்டிலும் அதே தட்டு. ஈப்போவில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்து அக்காதான் குடும்பத்தை இழுத்தார். போன வருடம் பழனியப்பனை நுரையீரல் புற்று கொண்டுபோனது.

கருமாதிப் படையலில்தான் அந்த வினை நடந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். சிகரெட் என்றால் பற்ற வைத்துத்தான் வைக்க வேண்டும். பழனியப்பனின் தம்பி தர்மா, அக்காவின் பதினாலு வயது மகன் தனேஸ்வரன் கையில் ஒன்றைத் திணித்தார்.

“அப்பாவுக்கு நீதான்டா பத்த வைக்கணும். நல்லா இழு!”

“வேணாம் தம்பி, அவன் சின்னப் புள்ள,” என்றார் அக்கா.

“பியார் லா, விடுங்க அண்ணி. சடங்குதானே.”

பையன் இழுத்தான். இருமினான். சொந்தக்காரர்கள் சிரித்து, “ஆம்பள ஆயிட்டான் லா!” என்று முதுகில் தட்டினார்கள். அப்பனைத் தின்ற சனியன் அன்றைக்கே பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தர்மா வரும்போதெல்லாம் அவனைக் காருக்குப் பின்னால் அழைத்துப்போய் ஒன்று நீட்டுவார். சோறு தின்றதும் பையன் சிகரெட்டோடு பின்வாசலுக்குப் போக ஆரம்பித்தான். அக்கா அவனை அடித்தார், அழுதார், தர்மாவிடம் கெஞ்சினார்.

“இந்த வயசுல எல்லாரும் தம் அடிக்கிறதுதான் அண்ணி,” என்று தர்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அக்கா கருவிக்கொண்டிருந்தார்.

முதல் வருடப் படையல் வந்தது. தர்மா இருமிக்கொண்டே மனைவியோடு வந்து இறங்கினார். கூடத்தில் கட்டியிருந்த திரையை அக்கா விலக்கினார். இரண்டு இலைகள், இலைக்கொரு சிகரெட், இரண்டு படங்கள். ஒன்று பழனியப்பன். இன்னொன்று மாலையும் பொட்டுமாக தர்மா.

“அண்ணி! நான் உசிரோட இருக்கேன்!”

“ஒங்க அண்ணனும் உசிரோட இருந்தப்பதான் ஊதுனாரு. ஒங்களுக்கும் சேத்து வச்சிட்டேன். வாங்க தம்பி, ஒங்களுக்கு நீங்களே பத்த வைங்க. நல்லா இழுங்க.”

தீப்பெட்டியை நீட்டியபடி நின்றார். தர்மாவின் முகம் வெளிறியது, இருமல் வேறு பிடித்துக்கொண்டது. அவர் மனைவி அலறிக்கொண்டு மாலையைப் பிய்த்தெறிந்தாள். சாப்பிடாமலே காரேறினார்கள். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள், நல்லதாய்ப் போயிற்று.

சமையலறையில் இன்னோர் இலை கிடந்தது. தனேஸ்வரன் அதையே பார்த்தான்.

“இது யாருக்கும்மா?”

கொழுந்தன் முன்னால் கல்லாக நின்றவர் அப்போதுதான் உடைந்தார்.

“ஒனக்குத்தான்டா அறுத்தேன். படையல்ல வைக்கக் கை வரல.”

பிறகு அந்த இலையைக் கழுவி, அவனை உட்காரவைத்து, அதிலேயே சோறு போட்டார்.

“சாப்பிடு. சாப்பிட்டுப் பின்னால போறதுன்னா சொல்லு, தீப்பெட்டிய நானே தாரேன்.”

தனேஸ்வரன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இலையை மூடிய பிறகும் அவன் பின்வாசலுக்குப் போக எழுந்திருக்கவில்லை.