பவதாரணி அக்கா சொன்ன ஏழு மணி

பவதாரணி அக்காவைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வந்திடும். சுவிஸில, துன் எண்ட ஊரில, ஏரிக்கரை ஹோட்டல் ஒண்டில ரெண்டுபேரும் அறை துப்பரவாக்கிறம். கிழமை முழுக்க முதுகு முறிஞ்சது போதாதெண்டு, லீவு நாளிலையும் கையுறையைப் போட்டுக்கொண்டு சுவிஸ்காரரோட கரையில பிளாஸ்டிக் பொறுக்கப் போயிடுவா. "தொண்டையில சிக்கிட்டுதெண்டு மீன் வந்து உங்களிட்டைச் சொல்லுமோ?" எண்டு எங்களைத்தான் பிடிச்சு ஏசுவா.

போன வருசம் படகுத்துறைக்குப் பின்னால, நாணலுக்குள்ள கிடந்த பழைய மீன்வலையில ஒரு தாரா வாத்து சிக்கிச் செத்துப்போச்சு. அக்கா அண்டைக்குச் சாப்பிடவே இல்லை. வலை சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கு, இழுக்க நிறைய ஆள் வேணும். வருசா வருசம் நடக்கிற கரைத் துப்பரவுக்குப் பொறுப்பான திரேசா எண்ட சுவிஸ் மனிசியிட்டை இந்த முறை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிப்போட்டா: "அந்த வலையை எங்கட தமிழ் ஆக்கள் எடுப்பினம். இருபது பேர் வருவினம்."

தொடக்கம் எட்டு மணிக்கு. எங்கட ஆக்களின்ர நேரம் அக்காவுக்குத் தெரியாதோ? எங்களுக்கு ஏழு எண்டுதான் சொன்னா. அக்காவின்ர குணம் எங்களுக்கும் தெரியும்தானே. அவ ஏழெண்டால் உண்மையில எட்டு. எட்டுக்கெண்டால் ஒன்பதுக்குப் போனால் காணும். ஆறுதலா இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டம்.

எட்டு மணிக்கு அக்கா தனியத்தான் நிண்டாவாம். திரேசா கொஞ்சநேரம் பாத்திட்டு, "வலையை அடுத்த வருசம் பாப்பம்" எண்டு மற்ற ஆக்களை அங்கால அனுப்பிப்போட்டா. அக்காவுக்கு வெக்கத்தில முகம் கறுத்துப்போச்சு. அந்த நேரம் பாத்து நாணலுக்குள்ள ஒரு சடசடப்பு. அதே வலை, இன்னொரு தாரா. இது உயிரோட.

நாங்கள் போய்ச் சேரேக்க அக்கா இடுப்பளவு தண்ணியில, தாரா தண்ணிக்கடியில தாண்டுபோகாமல் ரெண்டு கையாலையும் ஏந்திக்கொண்டு நிக்கிறா. அதின்ர கால் அடியில சிக்கியிருக்கு. பக்கத்தில திரேசா கத்தியோட அடியில நூலைத் தடவுறா, எட்டேல்லை.

"என்ன, கரையில நிண்டு விடுப்போ பாக்கிறியள்? இறங்குங்கோ!" எண்டு அக்கா கத்தினா.

நல்ல சப்பாத்து, மினுக்கின சட்டை ஒண்டும் பாக்கேல்லை. இறங்கினம். தண்ணி எலும்பைக் குத்துது. எங்களோட வந்த சிவபாதம் அண்ணை தேர்வடம் பிடிக்கிறமாதிரி வலையைத் தோளில போட்டுக்கொண்டு முன்னுக்கு நிண்டார். இழுத்தம், அசையேல்லை. திரும்ப இழுத்தம். சேறு சட்டெண்டு விட்டுது, அரைவாசிப்பேர் தண்ணிக்குள்ள குந்திப்போனம். மேல வந்த நூலைத் திரேசா அறுத்தா. தாரா தண்ணிக்கு மேலால செட்டையடிச்சு ஓடி, எழும்பிப் பறந்திட்டுது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நடுங்கி நடுங்கிக் கரையிலிருந்து சாப்பிடேக்க திரேசா சந்தோசத்தில கேட்டா, "அடுத்த வருசம் உங்கட ஆக்களுக்காக ஒன்பதுக்கே தொடங்குவமோ?"

தலை முழுக்கச் சேத்தோட எல்லாருக்கும் இடியப்பம் போட்டுக்கொண்டு நிண்ட அக்கா பதறிப்போனா.

"ஐயோ, வேண்டாம் திரேசா. பிறகு பத்துக்குத்தான் வருவினம்."