கடைசிப் பக்கத்தில தொடங்கின கதை

மகள், மகன், உங்கட உம்மா பேப்பரை விரிச்சு எனக்கு உரத்து வாசிச்சுக் காட்டுறத தினமும் பார்க்கிறீங்க. அவ முதன்முதலாச் சபையில வாசிச்ச நாளை உங்களுக்குச் சொல்லோணும். மகள், நீ அப்ப இரண்டாம் வகுப்பு. மகன் பிறக்கவேயில்ல.

எழுபதுகள் முடியிற காலம். எல்லாரும் எழுத்துப் படிக்கோணும் எண்டு பள்ளிக்கூடத்தில ஒரு வாசிப்பு விழா வச்சாங்க. வகுப்புக்கு ஒரு தாயோ தகப்பனோ மேடையேறி ஒரு கதை வாசிக்கோணும். உம்மா பள்ளிக்கூடம் போனதில்ல. குர்ஆன் ஓதுவா. தமிழை அரபு எழுத்தில எழுதின பழைய கிதாபுகளையும் தடக்காம வாசிப்பா. தமிழ் எழுத்தை அந்த வருஷம்தான் உன்ட புத்தகத்த வச்சு, அடுப்படியில உன்னோட சேர்ந்து படிச்சா.

"நம்மட மகள்ற வகுப்புக்கு நான் வாசிக்கட்டா?" எண்டு கேட்டா.

"பார்ப்பம்" எண்டன். எனக்குப் பயம். சபை சிரிச்சா பிறகு புத்தகத்தையே தொடமாட்டா எண்டு நினைச்சு, அவவுக்குச் சொல்லாம என்ட பேரக் கொடுத்திட்டன். நான் மட்டும் என்ன, ஐந்தாம் வகுப்போட நிண்டவன்.

விழாவில கரும்பலகையில எழுதியிருந்த என்ட பேரை மாஸ்டர் கூப்பிட்டார். பெண்கள் பக்கமிருந்து உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் எழும்ப முந்தி அவ எழும்பிட்டா.

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு மாஸ்டர். நான் வாசிக்கிறன்."

என்ட தொண்டைக்கு ஒண்டுமில்ல. ஆனாலும் நான் ரெண்டு தரம் இருமினன்.

மேடையில போய், வலமிருந்து இடமாப் போற கிதாபு விரிக்கிற பழக்கத்தில புத்தகத்தைப் பின்னட்டைப் பக்கமாத் திறந்தா. வந்தது கடைசிப் பக்கம். ஓதுற ராகத்திலேயே வாசிச்சா: "இவ்வாறு முதலையாருக்குத் திருமணம் இனிதே முடிந்தது. எல்லோரும் விருந்துண்டு வீடு சென்றனர்."

சபை ஒரு கணம் முழிச்சுது. பிறகு பின்வரிசையில ஒரு மச்சான் கத்தினார்: "என்ன தங்கச்சி, வந்ததும் வராததுமாச் சோறு போட்டு அனுப்பிட்டீங்க!"

மண்டபம் அதிர்ந்துது. நான் கண்ணை மூடிட்டன். இதுக்குத்தானே பயந்தது.

அவரை அண்ணன் முறை வச்சுக் கூப்பிட்டு உம்மாட குரல் கேட்டுது: "சாப்பிட்டாச்சு தானே காக்கா? இனி ஆறுதலா இருந்து, முதலைய மாப்பிள்ள கேட்டுப் போன கதையக் கேளுங்க."

சொல்லிப்போட்டு, புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினா. மூண்டு இடத்தில தடக்கினா. ஒருத்தரும் எழும்பிப் போகல்ல. முடிவு தெரிஞ்ச கதைக்கு அவ்வளவு சிரிப்பு! கடைசிப் பக்கம் திரும்பவும் வந்தபோது சபை முழுக்கச் சேர்ந்து சொல்லிச்சு, "விருந்துண்டு வீடு சென்றனர்!" நீ கதிரையில ஏறி நிண்டு கை தட்டினாய்.

வீட்ட போற வழியில உம்மா கேட்டா, "தொண்டை எப்படி?"

"சுகமாயிட்டு."

அஸர் தொழுதுட்டு, குடையை மறந்திட்டன் எண்டு பொய் சொல்லி நான் மட்டும் திரும்பிப் போனன். மண்டபத்தில ஒருத்தருமில்ல. கரும்பலகையில உன்ட வகுப்புக்கு நேரே என்ட பேர் அப்படியே இருந்துது. சட்டைப்பையில கிடந்த லேஞ்சியால அழிச்சுப்போட்டு, வெண்கட்டியால உங்கட உம்மாட பேரைப் பெரிசா எழுதினன்.